லிஸ்பனில் ஒரு வாரம்: சாப்பாடு, மது, வரலாறு. திட்டத்தைத் திருத்தித் தாருங்கள்

வைகைக்கரை

ஏப்ரல் 19, ஞாயிறு காலை லிஸ்பனில் இறங்குகிறோம். 26, ஞாயிறு மாலை திரும்பும் விமானம். நான், மனைவி, என் அப்பா. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்கால்தான் ஒத்துழைப்பதில்லை, நாக்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. மனைவி சைவம், பாலும் முட்டையும் உண்டு. நான் எதையும் சாப்பிடுவேன். மதுவில் போர்ட் ஒயின் என்ற பெயரைத் தவிர எதுவும் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது: திங்கள் பெலெம் (ஜெரோனிமுஸ் மடம், கோபுரம், வாஸ்கோ ட காமா கல்லறை). செவ்வாய் கோட்டையும் அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்பும். புதன் சிந்த்ரா. வியாழன் போர்ட்டோ. வெள்ளி எவோரா. சனி கடைத்தெரு. இரவுகளில் ஃபாடு இசையும் சுட்ட மத்தி மீனும். அடித்துத் திருத்துங்கள், வருத்தப்பட மாட்டேன்.

அவசரக்காரன்

நல்ல திட்டம். எவோராவுக்குப் பதிலாக ஒபிதுஷ், ஃபாத்திமா இரண்டையும் ஒரே நாளில் காரில் முடிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எல்லாம் நடக்கும்.

மொராரியாவாசி

அடிக்கச் சொன்னதால் அடிக்கிறேன். நான் இந்த ஊரில் ஆய்வு மாணவனாக வந்து அப்படியே தங்கிவிட்டவன்.

திங்களன்று பெலெம் போனால் ஜெரோனிமுஸ் மடத்தின் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். இங்கே அரசு அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவற்றுக்குத் திங்கள் விடுமுறை. மீன் சாப்பிடுபவர்களும் திங்களைத் தவிர்ப்பார்கள்; ஞாயிறு மீன் ஏலம் நடப்பதில்லை என்பதால் மறுநாள் தட்டில் வருவது பழைய மீன். ஆகவே திங்களை நடைக்கும் இறைச்சிக்கும் ஒதுக்குங்கள்.

மத்தி மீன் கனவை மாற்றிக்கொள்ளுங்கள். அது ஜூன் மாதத்து மீன். ஜூன் 12 இரவு, புனித அந்தோணியார் விழாவுக்குத் தெருவெங்கும் அடுப்பு மூட்டிச் சுடுவார்கள். கொழுப்பேறிய மத்தி அப்போதுதான் கிடைக்கும். ஏப்ரலில் உங்களுக்குச் சுட்டுத் தருவது பெரும்பாலும் உறைபெட்டி மீன். அதற்குப் பதிலாகக் கரப்பாவ் என்ற பாரை இனத்துச் சிறுமீனைக் கேளுங்கள். அல்லது பூண்டும் கொத்தமல்லியும் போட்டு வேகவைத்த மட்டி, புல்யாவ் பாத்து முறை.

லிஸ்பனில் இரண்டு விஷயங்கள்தான் திட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும்: எந்தக் கிழமை, எந்த மேடு. வரைபடத்தில் 300 மீட்டர் என்று காட்டும் இடம் உண்மையில் மூன்று மாடி ஏற்றமாக இருக்கும். அதுவும் வழுவழுப்பான சுண்ணாம்புக்கல் பதித்த நடைபாதை. மழை பெய்தால் எண்ணெய் தடவியது போலாகிவிடும். அப்பாவுக்கு நல்ல பிடிப்புள்ள காலணி வாங்குங்கள், மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

ஏற்றத்துக்கு ஊர்க்காரர்கள் பயன்படுத்தும் குறுக்கு வழிகள் உண்டு. பைஷா–ஷியாடு மெட்ரோ நிலையத்தில் கீழ்நகரப் பக்கம் நுழைந்து நகரும் படிகளில் ஏறினால் ஷியாடு சதுக்கத்தில் வெளியே வரலாம். ஃபன்கெய்ருஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது; கோட்டை வழியில் பாதி ஏற்றம் அதிலேயே முடிந்துவிடும். கோட்டை வாசல்வரை போக ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 எண் பஸ். கிளோரியா இழுவை வண்டியைத் திட்டத்தில் வைக்காதீர்கள். 2025 செப்டம்பரில் 16 பேர் இறந்த விபத்து அந்தப் பாதையில்தான் நடந்தது.

பழைய ஏடு

வரலாற்று ஆசிரியர் வருகிறார் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. திங்களன்று என்ன செய்வது என்பதற்கு என் பதில்: 1755 நிலநடுக்கத்துக்குப் பின் அமைச்சர் பொம்பால் கட்டிய கீழ்நகரத்தை நடந்து பாருங்கள். டிக்கெட் வேண்டாம், பெரும்பகுதி சமதரை.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், தேவாலயங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் பூமி குலுங்கியது. தப்பித்தவர்கள் இடிபாடு இல்லாத திறந்த வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே கடல் எழுந்து வந்தது. மிச்சத்தைத் தீ நாள்கணக்கில் தின்றது. ஆற்றங்கரை அரண்மனை, அதன் பெரிய நூலகம், திறந்து ஏழெட்டு மாதமே ஆன இசை நாடக அரங்கம் எல்லாம் போயின. அரசர் முதலாம் ஜொசேவுக்கு அதன் பிறகு கல் கூரை என்றாலே பயம். அஜுடா குன்றில் மரத்தாலும் துணியாலும் ஆன அரண்மனையில்தான் வாழ்ந்தார்.

நகரத்தைத் திரும்பக் கட்டியவர் அமைச்சர் பொம்பால். இன்று பைஷா என்ற கீழ்நகரத்தில் நீங்கள் பார்க்கும் நேர்க்கோட்டுத் தெருக்கள் அவருடைய ஆள்கள் வரைந்தவை. சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டு போலப் பின்னி, ஆட்டத்தைத் தாங்கும்படி கட்டினார்கள். மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களைக் காலை ஓங்கி மிதித்து நடக்கவைத்துச் சோதித்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் கேள்வித்தாளும் அனுப்பினார்: எத்தனை நேரம் ஆடியது, கிணற்று நீர் என்ன ஆயிற்று, கடல் முதலில் உள்வாங்கியதா என்று. கடவுளின் கோபம் என்று பிரசங்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் கேள்விகள். நில அதிர்வியலின் தொடக்கங்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள்; பொம்பால் நல்லவரா என்ற சர்ச்சையை அவரே தொடங்கிவிடுவார், ஏனெனில் அதே மனிதர் இயேசு சபையினரை நாட்டைவிட்டுத் துரத்தியவர், எதிரிகளைக் குடும்பத்தோடு கொன்றவர்.

கொரெய்ருஷ் தெருவில் ஒரு வங்கியின் தரைக்கடியில் ரோமானியர் காலத்து மீன் உப்பிடும் தொட்டிகள் இருக்கின்றன. வழிகாட்டியோடு மட்டும் இலவச அனுமதி, முன்பதிவு செய்யுங்கள். மீனை உப்பிலிட்டு, அதிலிருந்து சாறு எடுத்துப் பேரரசெங்கும் அனுப்பிய ஊர் இது. அதே தரைக்கடியில் பொம்பால் காலத்து மரத்தூண்களும் தெரியும். சாப்பாடும் வரலாறும் ஒரே குழிக்குள்.

அங்கிருந்து ரோசியு சதுக்கத்தை ஒட்டிய சான் தொமிங்குஷ் தேவாலயம். 1959இல் உள்ளே தீப்பிடித்தது. கருகி வெடித்த தூண்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நீங்கள் போய் இறங்கும் ஏப்ரல் 19க்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு உண்டு: 1506இல் அதே தேதியில், வலுக்கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களைக் கூட்டம் கொல்லத் தொடங்கியது இங்கேதான். வாசலில் 2008இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது.

உப்பும் புளியும்

அந்த நினைவுக்கல்லுக்கு எதிரிலேயே 1840 முதல் ஜின்ஜீன்யா விற்கும் பொந்து மாதிரியான கடை. புளிப்புச் செர்ரியைச் சாராயத்தில் ஊறவைத்த மது. ஒரு சிறு கோப்பை, நின்றபடியே குடிக்க வேண்டும். பழத்தோடு வேண்டுமா, இல்லாமல் வேண்டுமா என்று மட்டும்தான் கேட்பார்கள். பழத்தோடு வாங்குங்கள்.

பழைய ஏடு ஐயா யூதர்களைப் பற்றி எழுதியதால் ஒன்று சேர்க்கிறேன். அல்யேய்ரா என்று ஒரு தொத்திறைச்சி உண்டு. பன்றிக்குப் பதிலாகக் கோழியும் ரொட்டியும் பூண்டும் அடைத்தது. மதம் மாறியவர்கள் பன்றி சாப்பிடுவதாக அக்கம்பக்கத்துக்குக் காட்ட இதைச் செய்து வீட்டில் தொங்கவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கதை எவ்வளவு மெய்யோ, பொரித்துச் சாப்பிட்டால் சுவை மெய். இப்போதெல்லாம் பன்றி சேர்த்தும் செய்கிறார்கள், வேண்டாம் என்றால் கேட்டு வாங்குங்கள். திங்கள் இறைச்சி நாள் என்றார்களே, அன்றைக்கு இது.

உணவகத்தில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ் காய், சிறு பாலாடைக்கட்டி என்று கேட்காமலே வைப்பார்கள். இலவசம் இல்லை. தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் எடுத்துப் போகச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முழு மீன் கேட்டால் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் கிலோ விலை. சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெரிய சுற்றுலாத் தெரு ஒன்றில், வாசலில் படம் போட்ட பலகை வைத்திருந்த உணவகத்தில் ஒரு மீனுக்கு எங்களிடம் வாங்கிய தொகையை இங்கே எழுதினால் என் கணவர் மறுபடியும் சண்டைக்கு வருவார்.

மரக்கறிப் பயணி

இலண்டனில் இருந்து எழுதுகிறேன், யாழ்ப்பாணம் சொந்த இடம். வைகைக்கரை, உங்கள் மனைவிக்காக ஒரு வார்த்தையும் இல்லாமல் எல்லோரும் மீனையும் தொத்திறைச்சியையும் பேசுவதால் நான் வருகிறேன்.

போர்த்துக்கலில் மரக்கறிச் சாப்பாடு இல்லை என்பது பொய். ஆனால் பெயரைப் பார்த்து நம்பக்கூடாது என்பது மெய். கால்டு வெர்டு என்ற கீரைச் சூப்பைப் பச்சைப் பசேல் என்று பார்த்ததும் கை வைக்கத் தோன்றும். அடியில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். முன்னாலேயே சொல்ல வேண்டும். மற்ற காய்கறிச் சூப்புகள் மலிவு, எல்லா இடத்திலும் உண்டு. அதிலும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பெய்ஷீன்யுஷ் ட ஓர்த்தா கேளுங்கள். பச்சை பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரிப்பது; நம் வீட்டு பஜ்ஜிக்கு ஒல்லியான தங்கை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இந்தப் பொரிக்கும் முறையை ஜப்பானுக்குக் கொண்டுபோனதில் இருந்துதான் டெம்புரா வந்தது என்கிறார்கள். அலென்டேஜு பகுதியின் அசோர்டா, பழைய ரொட்டியில் பூண்டு, கொத்தமல்லி, ஆலிவ் எண்ணெய், மேலே ஒரு முட்டை. ஐரோப்பாவில் இத்தனை கொத்தமல்லியைப் போடும் வேறு சமையலை நான் பார்க்கவில்லை. மீன் வேகவைத்த தண்ணீரில் செய்கிறார்களா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

பாலாடைக்கட்டியில் ஒரு நல்ல செய்தி. பல நாடுகளில் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுத்த நொதியால் பாலைத் திரிப்பார்கள். கண்டிப்பான சைவர்கள் தொடமாட்டார்கள். அசெய்த்தாவ், செர்ரா ட எஷ்த்ரேலா இரண்டுக்கும் பாரம்பரியமாக ஒரு முட்செடியின் பூவைத்தான் பயன்படுத்துகிறார்கள். செம்மறியாட்டுப் பால். மேல்தோலை வெட்டிவிட்டுக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது.

இனிப்புகளில் டௌசின்யு டு செயு என்பதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். பாதாம் இனிப்பு என்று மட்டும் சொல்வார்கள். கவனம்.

சோற்றுக்கு ஏங்கினால் லுமியார் பக்கம் ராதாகிருஷ்ணர் கோயில் இருக்கிறது. மொசாம்பிக் 1975இல் விடுதலையான காலத்தில் இங்கே வந்து சேர்ந்த குஜராத்திகளின் சமூகம் அது.

வைகைக்கரை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. அக்கா, பட்டியலை மனைவி அச்செடுத்து வைத்துக்கொண்டுவிட்டாள்.

ஒரு குடும்பத் தகராறு. அப்பாவுக்கு வாஸ்கோ ட காமா கல்லறையைப் பார்த்தே ஆக வேண்டும். நாற்பது வருடம் பாடம் நடத்தினவர். மனைவி, "அந்த ஆளுக்கு எதற்கு மரியாதை?" என்கிறாள். பெலெமில் அரை நாளா, முழு நாளா?

நெய்தல்

உங்கள் மனைவி பக்கம்தான் நான். தூத்துக்குடிக்காரன். 1502இல் இரண்டாம் பயணத்தில், மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்கள் நிறைந்த மீரி என்ற கப்பலைக் கொள்ளையடித்து, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கத் தீவைத்தவர் அவர். அதே பெலெமில் ஆற்றங்கரையோரம் "கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்" என்று ஒரு பெரிய கல் கப்பல் வேறு. யார் யாரைக் கண்டுபிடித்தது? கோழிக்கோடு தொலைந்தா போயிருந்தது?

பழைய ஏடு

நெய்தல் சொல்வது சரிதான். ஆனால் கல்லறைக்குப் போவது மரியாதை செய்ய மட்டும்தானா? அந்த நினைவுச்சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 1940இல் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி நடத்திய கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டியது. கல்லில் நிரந்தரமாக எழுந்தது 1960இல். குடியேற்ற நாடுகள் கைநழுவத் தொடங்கியிருந்த நேரம். அடுத்த ஆண்டே அங்கோலாவில் போர் வெடித்தது, கோவாவும் போனது. ஆகவே அது 15ஆம் நூற்றாண்டைவிட 20ஆம் நூற்றாண்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அப்படிப் படித்தால் பார்க்க வேண்டிய பொருள்.

காமா 1524இல் கொச்சியில் இறந்தார். உடலை முதலில் விடிகெய்ராவுக்குக் கொண்டுபோனார்கள். ஜெரோனிமுஸுக்கு மாற்றியது 1880இல்தான். தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம். எதிரே கவிஞர் கமொய்ஷ். மடத்தைக் கட்டப் பணம் வந்த வழி இன்னும் சுவையானது: ஆப்பிரிக்கா, கீழைநாட்டு வணிகத்தின் மீது விதித்த 5 சதவீத வரி. அந்தக் கல் பூவேலைப்பாட்டில் மலபார்க் கரையின் காசும் இருக்கிறது.

நெய்தல், உங்கள் கரைக்கும் லிஸ்பனுக்கும் வேறொரு கணக்கும் உண்டு. 1554இல் இந்த ஊரில்தான் தமிழ்–போர்த்துக்கீசிய மறைக்கல்விக் கையேடு அச்சாகியது. தமிழ் எழுத்து வார்க்கப்படாத காலம். ரோம எழுத்திலேயே தமிழை அச்சிட்டார்கள். அதைத் தயாரித்தவர்கள் மூன்று இந்தியக் கிறித்தவர்கள். கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்தது 1578இல். முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்த பிரான்சிஸ் சேவியர் 1541 ஏப்ரலில் புறப்பட்டதும் இங்கிருந்துதான். மேல்நகரத்தில் சான் ரோக் தேவாலயம் இருக்கிறது, நிலநடுக்கத்தில் தப்பியது. அதன் உடைமாற்று அறையில் சேவியர் வாழ்க்கையை வரிசையாக ஓவியங்களாக மாட்டியிருக்கிறார்கள். பெலெமில் அரை நாள் போதும். மிச்ச அரை நாளைச் சான் ரோக்குக்குக் கொடுங்கள்.

நெய்தல்

சான் ரோக் பற்றித் தெரியாது. குறித்துக்கொண்டேன். கப்பல் பற்றி என் கருத்து மாறவில்லை.

இன்னொன்று: சான் பென்டு பக்கம் நடந்தால் போசு டுஷ் நெக்ருஷ் என்று ஒரு தெரு வரும். இறந்த அடிமைகளின் உடல்களை ஊருக்குள் கண்ட இடத்தில் எறிகிறார்கள், நாற்றம் தாங்கவில்லை என்பதால் ஒரு குழி தோண்டச் சொல்லி 1515இல் அரசர் மனுவேல் கடிதம் எழுதினார். அந்தக் குழியின் பெயர்தான் தெருவின் பெயர். இப்போது அங்கே காலை உணவுக் கடைகள் நிறைய. அப்பாவை அங்கேயும் அழைத்துப் போங்கள்.

மொராரியாவாசி

பெலெமுக்கு நடைமுறைக் குறிப்பு. 15 எண் டிராம். மடத்தில் தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை, உள்முற்றத்துக்கு உண்டு. இரண்டும் வேறு வேறு வரிசை. கல்லறை தேவாலயத்துக்குள் இருக்கிறது. காலையில் முதல் ஆளாகப் போங்கள். பெலெம் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தால் போதும். உள்ளே குறுகிய சுழற்படி, அப்பாவால் ஆகாது.

பக்கத்திலேயே 1837 முதல் முட்டைக்கூழ்ப் பணியாரம் செய்யும் பழைய கடை. 1834இல் அரசு ஆண் துறவிகளின் மடங்களை எல்லாம் மூடியது. பிழைப்புக்கு வழியில்லாமல் மடத்தோடு இருந்தவர்கள் விற்கத் தொடங்கியது என்று வரலாறு சொல்கிறார்கள். மடங்களில் உடைக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளை போய்விடும், மிஞ்சின மஞ்சள் எல்லாம் இனிப்பாகும். தெருவில் நீளும் வரிசை பொட்டலம் வாங்குபவர்களுடையது. அதைத் தாண்டி உள்ளே போனால் அறை அறையாக இருக்கைகள். உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள், பட்டைப்பொடி தூவி.

திராட்சைக்கொடி

மது பேச யாரும் இல்லையா என்று காத்திருந்தேன்.

போர்ட் ஒயினுக்காகப் போர்ட்டோ போக வேண்டியதில்லை; லிஸ்பனில் நல்ல ஒயின் கடையில் கோப்பை கணக்கில் கிடைக்கும். பழைய ஏட்டின் கதாநாயகன் இங்கேயும் வருகிறார்: நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டு, 1756இல், டோரு பள்ளத்தாக்கில் எந்த நிலத்துத் திராட்சை போர்ட் ஆகலாம் என்று எல்லை வகுத்தவர் பொம்பால். உலகில் சட்டப்படி எல்லை குறித்த மிகப் பழைய ஒயின் வட்டாரங்களில் ஒன்று. முதலில் டானி வகையைக் குடியுங்கள். மரப்பீப்பாயில் நாள்பட்டு, கொட்டையும் கருப்பட்டியும் கலந்த மணம் வரும்.

ஆனால் நீங்கள் தேட வேண்டியது கொலாரிஷ். சிந்த்ராவுக்கு அப்பால் கடலோர மணலில் வளரும் கொடி. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலொக்ஸீரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, மணலில் அந்தப் பூச்சியால் வாழ முடியாததால் இது தப்பியது. மற்ற இடங்களில் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுப் பிழைத்தார்கள். இங்கே இன்றும் சொந்த வேர். கடற்காற்றுக்கு அஞ்சித் தரையோடு தவழும் கொடிகள். ரமிஷ்கு என்ற சிவப்பு இளமையில் வாயைத் துவர்ப்பால் இழுத்துப் பிடிக்கும், பல வருடம் காத்திருக்க வேண்டும். மல்வசியா வெள்ளையில் உப்பு தெரியும். 1931இல் தொடங்கிய கூட்டுறவுக் கிடங்கு கொலாரிஷ் ஊரிலேயே இருக்கிறது. முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டங்களை விடுதிகளும் வீடுகளும் தின்றுவிட்டன, மிச்சம் கொஞ்சம்தான்.

சிந்த்ராவில் பெனா அரண்மனைக்கு வரிசையில் நின்று பாதி நாளைக் கொடுக்காதீர்கள். அப்பாவின் முழங்காலுக்கும் அது ஆகாது. ரோசியுவில் ரயில் ஏறினால் நாற்பது நிமிடம். ஊர் நடுவிலேயே இருக்கும் பழைய அரண்மனையைப் பாருங்கள், இரட்டைப் புகைபோக்கி வைத்த அந்தச் சமையற்கூடம் ஒன்றே போதும். பிறகு பஸ்ஸில் கொலாரிஷ்.

வின்யு வெர்டு என்ற இளம் ஒயின் மதிய வெயிலுக்கு. மொஷ்கத்தேல் என்ற இனிப்பு ஒயின் இனிப்புக்குப் பின். பீர் என்றால் இம்பெரியால் என்று கேளுங்கள், சிறு கண்ணாடியில் வரும். கூடவே உப்பில் ஊறிய லூப்பின் பருப்பு.

அவசரக்காரன்

எல்லோரும் சேர்ந்து ஒருவரை ஒரே ஊரில் கட்டிப்போடுகிறீர்கள். ஐரோப்பா டிக்கெட் எடுத்து, விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ கட்டிவிட்டு, போர்ட்டோ பார்க்காமல் வருவதா? ரயிலில் மூன்று மணி நேரம்தானே?

உப்பும் புளியும்

தம்பி, போக மூன்று, வர மூன்று. அந்த ஆறு மணி நேரத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு போய்விடுகிறது. அவர் தலைப்பிலேயே சாப்பாடு என்று எழுதியிருக்கிறாரே.

அர்செனால் தெருவுக்கு ஒரு நடை போங்கள். பலகை பலகையாக அடுக்கிய உப்புக் கருவாடு, பக்கல்யாவ். வாசனை தெருமுனையிலேயே வரவேற்கும். அந்தக் காட் மீன் இவர்கள் கடலில் கிடையாது. நார்வே, ஐஸ்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து பக்கத்து மீன். 1934 முதல் சலாசார் அரசு இதற்கென்றே கப்பல்கூட்டத்தை வளர்த்தது. ஒரு ஆள் மட்டும் அமரும் சிறு படகில், பனிமூட்டக் கடலில் தூண்டில் போட்டார்கள். ஆறு பருவம் போனவனுக்குக் கட்டாய ராணுவ சேவை இல்லை. ஆப்பிரிக்கப் போர்க்காலத்தில் பலர் இதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. சாப்பிட எளியது பிராஷ் முறை: நார்நாராகப் பிய்த்த மீன், தீக்குச்சி மெல்லிய உருளை வறுவல், முட்டை. இரண்டு நாள் ஊறவைத்து உப்பெடுத்திருப்பார்கள். நம் கருவாட்டுக் குழம்பை எதிர்பார்க்காதீர்கள், காரம் கிடையாது. மிளகாயை நமக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவர்கள், தங்களுக்கு என்று அதிகம் வைத்துக்கொள்ளவில்லை.

உள்ளே பாலாடைக்கட்டியை அடைத்து விற்கும் பக்கல்யாவ் உருண்டையை வாங்காதீர்கள். ஊர்க்காரர்கள் அதைச் சாப்பிடுவதில்லை, சாப்பிடுவோரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வைகைக்கரை

மாற்றிய திட்டம். போர்ட்டோவும் எவோராவும் போயின, அவசரக்காரன் மன்னிக்கவும்.

ஞாயிறு: ஓய்வு, மாலை ஆற்றங்கரை. திங்கள்: கீழ்நகரம், வங்கிக்கடியில் மீன் தொட்டி, சான் தொமிங்குஷ், ஜின்ஜீன்யா, இரவு அல்யேய்ரா. செவ்வாய்: 737 பஸ்ஸில் கோட்டை, அல்ஃபாமாவில் இறக்கம். புதன்: பெலெம் காலை, சான் ரோக் மாலை. வியாழன்: சிந்த்ரா, கொலாரிஷ். வெள்ளியும் சனியும் காலி. ஃபாடு எங்கே, என்றைக்கு?

மொராரியாவாசி

செவ்வாயன்று கோட்டைக்கு முன் காம்பு ட சாந்த்தா க்ளாரா போங்கள். செவ்வாய், சனி மட்டும் கூடும் பழம்பொருள் சந்தை. பக்கத்திலேயே சாந்த்தா எங்கிராசியா. 1682இல் தொடங்கி 1966இல் முடித்த கட்டடம். முடியாத வேலைக்கு இந்த நாட்டில் அதன் பெயரைத்தான் சொல்லித் திட்டுவார்கள். ஃபாடு பாடகி அமாலியா ரொட்ரிகிஷ் அங்கே அடக்கம். அன்றிரவே அல்ஃபாமாவில் ஃபாடு. விளக்கைக் குறைத்ததும் பேச்சை நிறுத்துங்கள், கரண்டிச் சத்தமும் கூடாது. பாடகர் நிறுத்திவிட்டு முறைப்பார்.

வெள்ளி, நீர்வழிப் பாலம். 1748இல் ஓடத் தொடங்கியது, நிலநடுக்கத்தில் ஒரு கல்லும் பெரிதாக அசையவில்லை; 65 மீட்டர் உயர வளைவு. மேலே நடைபாதை சமதளம். மாலையில் கைஷ் டு சொத்ரேயில் படகேறிக் கசீல்யாஷ் போய் மட்டி சாப்பிட்டு, லிஸ்பனை எதிர்க்கரையிலிருந்து பாருங்கள்.

சனிக்கிழமையைக் காலி என்று எழுதிவிட்டீர்களே! அது ஏப்ரல் 25. 1974இல் அன்றுதான் ராணுவ இளைஞர்கள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். வானொலியில் ஒலித்த பாட்டுதான் சைகை. கடைசிப் பிரதமர் மார்சேலு கயெத்தானு சரணடைந்தது கார்மு சதுக்கத்துப் படைமுகாமில். பக்கத்தில் 1755இல் கூரை விழுந்து இன்றுவரை வானம் பார்த்து நிற்கும் கார்மு மடம். அன்று ஒரு உணவகம் தன் முதலாண்டு நிறைவுக்கு வாங்கிய கார்னேஷன் பூக்களை, கடை திறக்க முடியாததால் ஊழியர்களிடமே கொடுத்து அனுப்பியது. அவர்களில் செலெஷ்த்தி கயெய்ரு என்ற பெண்ணிடம் வழியில் ஒரு வீரர் சிகரெட் கேட்டார்; இல்லாததால் பூவைக் கொடுத்தார், அவர் துப்பாக்கி முனையில் செருகினார். புரட்சிக்குப் பெயர் அப்படி வந்தது.

காலையில் கதீட்ரல் அருகே அல்ஜூபி போங்கள். அரசியல் கைதிகளை வைத்திருந்த சிறை, இப்போது அருங்காட்சியகம். நேரத்தை முந்தைய நாளே உறுதிசெய்யுங்கள். பிற்பகல் லிபர்தாத் அவென்யூவில் ஊர்வலம். அப்பாவுக்கு மடக்கு நாற்காலி இருந்தால் நல்லது. அன்று பல கடைகள் மூடியிருக்கும், இரவு உணவுக்கு இப்போதே இடம் பிடியுங்கள்.

வைகைக்கரை

அப்பா இதைப் படித்துவிட்டு சனிக்கிழமைக்கு இப்போதே சட்டை எடுத்து வைத்துவிட்டார். கடைசிக் கேள்வி: ஊருக்கு என்ன வாங்கிவருவது?

திராட்சைக்கொடி

சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மது கொண்டுவரலாம். ஒரு கொலாரிஷ், ஒரு டானி. அப்பாவின் பங்கையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

உப்பும் புளியும்

டப்பா மீன். பிறந்த ஆண்டு அச்சிட்ட பளபள டப்பாக்கள் விற்கும் திருவிழாக் கடைகளுக்குள் போகாதீர்கள், விலை டப்பாவுக்குத்தான். பக்கல்யுவெய்ருஷ் தெருவில் 1930இல் தொடங்கிய சின்னக் கடை இருக்கிறது. வாங்கியதைத் தாளில் சுற்றி நூல் கட்டித் தருவார்கள். சாதாரணப் பல்பொருள் அங்காடியில் வாங்கினாலும் குறைவில்லை. ஆலிவ் எண்ணெயில் போட்ட மத்தி ஒரு வருடம் வைத்தால் இன்னும் பதமாகும், அவ்வப்போது டப்பாவைத் திருப்பி வையுங்கள். எல்லாவற்றையும் சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். கைப்பெட்டியில் இருந்தால் எண்ணெயையும் திரவம் என்று சோதனையில் எடுத்துவிடக்கூடும்.